249 கிராம் ட்ரோன்: எந்த நாட்டில் செல்லும், எந்த நாட்டில் செல்லாது?

#1 செங்காங்_சேது (சிங்கப்பூர்)

வணக்கம் மக்களே. டிஜேஐ நிறுவனத்தின் மினி 4 ப்ரோ ட்ரோன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வாங்கியதிலிருந்து அலமாரியில்தான் தூங்குகிறது. 250 கிராமுக்குள் இருப்பதால் இங்கே பதிவு தேவையில்லை, சரி. ஆனால் எங்கே பறக்கவிடுவது? சாங்கி, செலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று ஒவ்வொரு விமானத் தளத்தையும் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் போட்டால் தீவில் மிச்சம் என்ன இருக்கும்? அந்த மிச்சத்திலும் 200 அடிக்கு மேல் ஏற்றக் கூடாது.

இப்போது ஒரு நீளமான விடுமுறை அமைந்திருக்கிறது. மார்ச் கடைசியில் சக்குரா (செர்ரிப் பூ) பார்க்க ஜப்பான்: ஒசாகா, கியோட்டோ, தக்கயாமா. வீடு திரும்பிக் கொஞ்ச நாளில் கொழும்பில் மச்சினி கல்யாணம், மாப்பிள்ளை வீடு அந்தப் பக்கம். அங்கிருந்து நேரே மதுரை. அழகர் ஆற்றில் இறங்குவதை மேலிருந்து எடுக்க வேண்டுமென்று ரொம்ப நாள் ஆசை.

கடைக்காரர், "249 கிராம்தானே சார், எந்த நாட்டுக்குப் போனாலும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று சொல்லித்தான் விற்றார். இது எந்த அளவுக்கு உண்மை? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஜாலிபறவை

ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க. நான் போன எல்லா ஊர்லயும் ஏத்தியிருக்கேன், ஒருத்தனும் வந்து கேக்கல. விடியக்காலைல போங்க, ரெண்டு ஷாட் எடுங்க, இறக்கி பையில போட்டுட்டு நடையக் கட்டுங்க. இத்தனூண்டு சாமானுக்கு எவன் வந்து தராசு வச்சு நிறுக்கப் போறான்?

#3 நகோயா_நாடன் (ஜப்பான்)

சேது, கடைக்காரர் சொன்னது ஜப்பானில் செல்லாது. இங்கே எல்லை 250 அல்ல, 100 கிராம். 2022 ஜூன் 20-லிருந்து 100 கிராமும் அதற்கு மேலும் உள்ள எந்த ட்ரோனையும் பதிவு செய்யாமல் வெளியில் பறக்கவிடக் கூடாது. சுற்றுலாப் பயணிக்கும் அதே சட்டம்தான். மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம்.

பதிவு 'டிப்ஸ் 2.0' என்ற அரசுத் தளத்தில். ஆங்கிலத்திலும் இருக்கிறது. பாஸ்போர்ட்டை வைத்து ஆளை உறுதி செய்வார்கள், அதற்குத்தான் நேரம் பிடிக்கும். ஒசாகாவில் இறங்கிய பிறகு ஓட்டல் அறையில் உட்கார்ந்து ஆரம்பித்தால் கதை முடிந்தது. ஒரு மாதம் முன்னாடியே தொடங்கிவிடுங்கள். பதிவெண் கைக்கு வந்ததும் ட்ரோன் உடம்பில் எழுதி ஒட்ட வேண்டும். அதோடு ரிமோட் ஐடி, அதாவது பறக்கும்போதே ட்ரோன் தன் எண்ணை அலைவழி அறிவிக்கும் வசதி. உங்கள் ட்ரோனுக்குள்ளேயே அந்த வசதி இருந்தால் பதிவு விவரத்தை அதில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் தனிக் கருவி வாங்கி மாட்ட வேண்டும். சிங்கப்பூரில் விற்ற மாடல் ஜப்பானிய ரிமோட் ஐடிக்கு ஒத்துவருமா என்று தயாரிப்பாளரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானுக்கென்று விற்கும் பெட்டியும் வெளியூர்ப் பெட்டியும் ஒன்றல்ல.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: 'கிதேகி' முத்திரை. வட்டத்துக்குள் அஞ்சல் குறியும் மின்னல் கீற்றும் இருக்கும். அது விமானச் சட்டத்துக்கானதல்ல, வானொலி அலைச் சட்டத்துக்கானது. ரிமோட்டிலும் ட்ரோனிலும் அந்த முத்திரை இருக்கிறதா என்று ஸ்டிக்கரைப் பாருங்கள். சில மாடல்களில் செயலியின் சான்றிதழ் பக்கத்தில் இருக்கும்.

இத்தனையும் செய்த பிறகுதான் எங்கே பறக்கவிடலாம் என்ற பேச்சே. மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளைக் கணக்கெடுப்பை வைத்துக் குறித்திருக்கிறார்கள், அதற்குள் அனுமதியில்லாமல் கூடாது. ஒசாகா, கியோட்டோ நகரப் பகுதி கிட்டத்தட்ட முழுவதும் அதற்குள் வந்துவிடும். இரவில், கண்பார்வைக்கு அப்பால், 150 மீட்டருக்கு மேல், நமக்குச் சம்பந்தமில்லாத ஆளுக்கோ வண்டிக்கோ வீட்டுக்கோ 30 மீட்டருக்குள், திருவிழாக் கூட்டத்துக்கு மேலே: இவை எல்லாவற்றுக்கும் தனி அனுமதி, குறைந்தது 10 வேலை நாள் முன்னதாக விண்ணப்பம். சக்குரா காலத்தில் ஒரு பூங்காவில் ஆளில்லாத 30 மீட்டர் கண்டுபிடித்துக் காட்டுங்கள், நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

தக்கயாமாவிலிருந்து எல்லாரும் போகும் சிரகாவா-கோ கிராமத்தில் ட்ரோனுக்குத் தடை. அந்த வைக்கோல் கூரைகளைப் பார்த்தால் ஏனென்று புரியும்.

#4 ஜாலிபறவை

யப்பா. ஒரு வீடியோ எடுக்க இவ்ளோ அலப்பறையா? ஜப்பான்காரங்க எல்லாத்துலயும் ஓவர்தான்.

#5 நகோயா_நாடன் (ஜப்பான்)

ஓவராகத் தெரியும், காரணம் இருக்கிறது. 2015 ஏப்ரலில் பிரதமர் அலுவலகத்துக் கூரையில் ஒரு ட்ரோன் கிடந்தது. அணுசக்திக்கு எதிராக ஒருவர் புகுஷிமா மண்ணை அதில் வைத்து அனுப்பியிருந்தார். அது எப்போது வந்து இறங்கியது என்பதே அங்கே யாருக்கும் தெரியாது, தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் இமேஜி கோட்டையில் ஒன்று மோதியது. டிசம்பரில் சட்டம் வந்துவிட்டது. அதன் பிறகு எடை எல்லையும் இறங்கிவிட்டது.

'எவன் நிறுக்கப் போறான்' என்று கேட்டீர்களே, நிறுக்கவே வேண்டாம். ரிமோட் ஐடி என்றால் ட்ரோன் பறக்கும்போது தன் எண்ணையும் தான் இருக்கும் இடத்தையும் வைஃபை, புளூடூத் வழியாக ஊருக்கே சொல்லிக்கொண்டு போகும். அந்த அலையை வாங்கும் செயலி காவலர் கைபேசியில் இருந்தால் போதும். அமெரிக்காவில் ஒரு படி மேலே, ஓட்டுகிற நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதும் அதில் போகும். 2024 மார்ச் 16-லிருந்து அங்கே கண்டிப்பு.

இன்னொரு சாட்சி நாமே யூடியூபில் ஏற்றும் வீடியோ. பிலடெல்பியாவில் ஒருவர் நகரத்துக்கு மேலே விதிமீறிப் பறக்கவிட்டதை எல்லாம் தானே வலையேற்றி, அதையே ஆதாரமாக வைத்து 1,82,000 டாலர் அபராதம் என்று விமான நிர்வாகம் நோட்டீஸ் அனுப்பியது.

#6 ரைன்கரை_ராதா (ஜெர்மனி)

இந்த 250 கிராம் எங்கிருந்து வந்தது என்று ஒரு சின்னக் கதை. 2015-ல் அமெரிக்க விமான நிர்வாகம், எந்த எடைக்கு மேல் ட்ரோனைப் பதிவு செய்யச் சொல்லலாம் என்று பார்க்க ஒரு பணிக்குழு அமைத்தது. மேலிருந்து விழும் பொருள் தலையில் பட்டால் எத்தனை ஜூல் ஆற்றலில் உயிர் போகலாம் என்று கணக்குப் போட்டு அவர்கள் வந்து சேர்ந்த எண் 250. பிறகு பல நாடுகள் அதையே எடுத்துக்கொண்டன. அப்புறம் 2019-ல் டிஜேஐ 249 கிராமில் மேவிக் மினியைச் செய்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அப்போது ஜப்பானின் எல்லை 200 கிராம் என்பதால், அந்த நாட்டுக்கு மட்டும் சின்ன பேட்டரி போட்டு 199 கிராமில் ஒன்றை விற்றார்கள். நாடன் சொல்கிற 2022 மாற்றம் வந்ததும் அந்த 199-உம் சேர்ந்து மாட்டிக்கொண்டது. அதாவது எடை எண்ணை நம்பி ட்ரோன் வாங்கலாம், ஆனால் அரசு நாளைக்கே எண்ணை மாற்றும்.

ஐரோப்பாவில் 250 கிராம் எல்லை இருக்கிறது. ஆனால் அது உங்களுக்கு என்ன தருகிறது என்பதில்தான் குழப்பம். தேர்வு எழுத வேண்டாம். ஆட்களுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தாராளமாகப் பறக்கலாம் (கூட்டத்துக்கு மேலே எந்த எடையானாலும் கூடாது). அவ்வளவுதான். கேமரா இருந்தால் 249 கிராமாக இருந்தாலும் இயக்குபவராகப் பதிவு செய்தே ஆக வேண்டும். பொம்மை என்ற வகையில் விற்றதற்கு மட்டும் விலக்கு.

நல்ல விஷயம், ஒரே பதிவு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கச் செல்லும். வெளியிலிருந்து வருகிறவர் முதலில் எந்த நாட்டில் பறக்கவிடப் போகிறாரோ அங்கே பதிய வேண்டும். இரண்டு நாட்டில் பதியக் கூடாது. உயரம் எங்கும் 120 மீட்டர். 2023-லிருந்து சுவிட்சர்லாந்தும் இதே விதிகளுக்கு வந்துவிட்டது.

கெட்ட விஷயம், 'எங்கே' என்பதை ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. பாரிஸ் நகரம் முழுதும் தடை. ஜெர்மனியில் காப்பீடு இல்லாமல் எந்த ட்ரோனும் கூடாது, இத்தாலியிலும் அப்படித்தான். என் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் எல்லாரும் ரைன் நதியை மேலிருந்து எடுக்கக் கேட்பார்கள். பெரிய ஆற்றுவழி, ரயில் பாதை, நெடுஞ்சாலை இவற்றிலிருந்து பொதுவாக 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ரைனின் இரு கரையிலும் ரயில் ஓடுகிறது, சாலை ஓடுகிறது, மேட்டில் இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. 'டிபுல்' என்ற அரசு வரைபடத்தைத் திறந்து காட்டினால் அவர்களே டீ குடிக்கலாம் என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

#7 வத்தளை_வாசி (இலங்கை)

சேது அண்ணா, கலியாணம் எங்கட பக்கமெண்டால் முதலே வாழ்த்து.

ஆனா ட்ரோனைக் கொண்டு வாறதைப் பற்றி ரெண்டு தரம் யோசியுங்கோ. இங்க கோடு 200 கிராம். அதுக்கு மேல எண்டால் சிவில் விமான சேவைகள் அதிகார சபையில பதியவேணும். உங்கட 249 அந்தக் கோட்டுக்கு மேலதான். பதிவோட முடியாது, பாதுகாப்பு அமைச்சின்ர அனுமதி வேணும், ரிமோட்டின்ர அலைவரிசைக்காகத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின்ர அனுமதியும் வேணும். பயண ஒழுங்கு செய்யிற முகவர் ஆரும் கையில இருந்தா அவையை வைச்சு முன்கூட்டியே செய்விக்கலாம். வந்திறங்கின பிறகு ஓடித்திரிய ஏலாது.

2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு முடிஞ்ச அந்தக் கிழமையே நாடு முழுக்க ட்ரோனைத் தடை செய்தவை. பிறகு தளர்த்தினாலும் பொலிசுக்கும் ஆமிக்கும் ட்ரோன் சத்தம் எண்டால் இப்பவும் காது நீளும். கலியாண மண்டபம் கோட்டை, காலிமுகத்திடல் பக்கம் எண்டால் சொல்லவே வேண்டாம்: ஜனாதிபதி மாளிகை, துறைமுகம் எல்லாம் அந்தச் சுற்றுக்குள்ளதான். தெற்கால இரத்மலானை விமான நிலையம், வடக்கால கட்டுநாயக்கா.

கலியாண வீடியோதான் வேணுமெண்டால் இங்கத்த வீடியோக்காரரைப் பிடியுங்கோ. பதிவும் அனுமதியும் இருக்கோ எண்டு கேட்டுப் பிடியுங்கோ. உங்களுக்கும் அலைச்சல் இல்லை, மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கும் பொலிஸ் நிலையம் போற வேலை இல்லை.

சீகிரியா போற எண்ணம் இருந்தால் அங்க ட்ரோனை நினைக்காதேங்கோ. படிக்கட்டில 'சத்தம் போடாதேங்கோ, குளவி இருக்கு' எண்டு போர்டு வைச்சிருக்கு. மனுசரின்ர கதைக்கே கூட்டோட எழும்புற குளவிக்கு நாலு விசிறியின்ர இரைச்சல் காணாதோ?

#8 மீனம்பாக்கம்_மூர்த்தி (சென்னை)

தம்பி சேது, எல்லாரும் பறக்கவிடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். உன் விஷயத்தில் ட்ரோன் மதுரை விமான நிலையத்தைத் தாண்டி வெளியே வருமா என்பதே கேள்வி. நான் கிளியரிங் ஏஜென்ட் வேலையில் காலம் தள்ளியவன், அதனால் இதை நீட்டியே சொல்கிறேன்.

2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்து அறிவிக்கை போட்டது. முழு ட்ரோனாக வந்தாலும் சரி, பிரித்துப் பெட்டியில் வந்தாலும் சரி. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. உள்நாட்டில் ட்ரோன் செய்கிறவர்களை வளர்க்க வேண்டும் என்பது நோக்கம். ஆராய்ச்சி, பாதுகாப்புத் துறை என்று சிலவற்றுக்கு விலக்கு உண்டு. சுற்றுலாவுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் கிடையாது. எடைக்கும் கிடையாது, 249 கிராமும் தடைதான், 24 கிலோவும் தடைதான்.

'என் சொந்த உபயோகத்துக்கு, திரும்ப எடுத்துப் போய்விடுவேன்' என்று சொல்லலாம். லேப்டாப்புக்கு அது எடுபடும். தடை செய்த பொருளுக்கு எடுபடாது. சுங்க அறிவிப்புப் படிவத்தில் ட்ரோனுக்கென்று தனி இடமே 2016-லிருந்து இருக்கிறது, ஆகவே 'தெரியாது' என்றும் சொல்ல முடியாது. அறிவிக்க ஒன்றுமில்லை என்று பச்சை வழியில் நடந்து ஸ்கேனரில் மாட்டினால் பறிமுதல், மேலே அபராதம். சென்னையிலும் திருச்சியிலும் பிடிபட்டதாகப் பேப்பரில் அவ்வப்போது பார்த்திருப்பாய்.

எடுத்துக்கொண்டு வந்தே ஆக வேண்டிய நிலை என்றால் ஒரு வழி உண்டு. சுங்கச் சட்டம் 80-ஆம் பிரிவு. சிவப்பு வழியில் போய் உள்ளதை உள்ளபடி அறிவித்து, 'இதை நிறுத்தி வையுங்கள், நாடு திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன்' என்று கேட்க வேண்டும். அதிகாரி ஒப்புக்கொண்டால் ரசீது போட்டு வைத்துக்கொள்வார், போகும்போது தருவார். நீ வேறு ஊர் வழியாகத் திரும்ப நேர்ந்தால், வெளிநாடு போகிற வேறொருவரிடம் எழுதிக் கொடுத்து எடுக்கச் சொல்லவோ, உன் பெயருக்கே சரக்காக அனுப்பவோ அதே பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் இது எல்லாம் முதலிலேயே உண்மையாக அறிவித்தவனுக்குத்தான். பையில் துணிக்கு நடுவே சுருட்டி வைத்து, பிடிபட்ட பிறகு 80-ஆம் பிரிவு பேசினால் அதிகாரி சிரிப்பார்.

#9 செங்காங்_சேது (சிங்கப்பூர்)

மூர்த்தி சார், நல்ல வேளை கேட்டேன். டிக்கெட் கொழும்பிலிருந்து மதுரைக்கு என்பதால் நடுவில் வீட்டில் விட்டுவரவும் முடியாது, இரண்டு ஊருக்கும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு சந்தேகம்: அங்கேயே மதுரையில் நண்பர் ஒருவரிடம் உள்ளூர் ட்ரோன் இருக்கிறது. அதை வாங்கி அழகர் இறங்குவதை எடுத்தால்?

#10 மீனம்பாக்கம்_மூர்த்தி (சென்னை)

சுங்கம் அங்கே வராது, போலீஸ் வரும். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை 'நானோ', அதற்கு ஓட்டுநர் சான்று வேண்டாம். ஆனால் அதே விதிகளில், எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி எந்த இடத்தையும் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம் என்று இருக்கிறது. லட்சக்கணக்கில் ஜனம் வைகையில் நிற்கும் அன்றைக்கு உன் நண்பர் ட்ரோனை ஏற்றினால், அழகருக்கு முன்னால் அவர் ஸ்டேஷனுக்குள் இறங்குவார். கூட்டத்துக்கு மேலே பேட்டரி தீர்ந்து விழுந்தால் என்ன ஆகும் என்று விதியைப் பார்க்காமலே யோசிக்கலாமே. ஆல்பர்ட் விக்டர் பாலத்துப் பக்கம் மாடியுள்ள வீடு யாருக்காவது இருக்கிறதா பார். நல்ல ஜூம் லென்ஸ் போதும்.

#11 பொள்ளாச்சி_பொன்னி

மூர்த்தி அய்யா, என் கேள்வி தலைகீழுங்க. இங்கயே பில்லோட வாங்குன ட்ரோன். தாய்லாந்து எடுத்துட்டுப் போயிட்டுத் திரும்ப வாறப்போ 'இது இறக்குமதி'ன்னு புடிச்சுக்குவாங்களா?

#12 மீனம்பாக்கம்_மூர்த்தி (சென்னை)

நல்ல கேள்விம்மா. கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் ட்ரோனைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள். வரிசை எண்ணைப் பார்த்து எழுதித் தருவார்கள். பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்னால் வாங்க வேண்டும், பலர் பெட்டியைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு போய் நிற்பார்கள். வாங்கிய பில்லும் கையில் இருக்கட்டும். திரும்பி வரும்போது இரண்டையும் காட்டினால் போதும்.

#13 ரைன்கரை_ராதா (ஜெர்மனி)

பொன்னி, தாய்லாந்தில் கேமரா இருந்தால் எடையே பார்க்க மாட்டார்கள், எதுவானாலும் பதிவு. அதுவும் இரண்டு இடத்தில்: அலைவரிசைக்காக ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையம், பறப்பதற்கு விமானப் போக்குவரத்து ஆணையம். 10 லட்சம் பாட் இழப்பீட்டுக் காப்பீடும் கேட்பார்கள். பதிவில்லாவிட்டால் ஓராண்டு வரை சிறை, 40,000 பாட் வரை அபராதம். போகிற வாரத்தில் செய்தியையும் பாருங்கள். 2025 ஜூலை கடைசியில் கம்போடிய எல்லையில் சண்டை மூண்டபோது நாடு முழுவதும் ட்ரோனுக்குத் தடை போட்டுவிட்டார்கள். எல்லாக் காகிதமும் வைத்திருந்தவர்களும் பெட்டியைத் திறக்க முடியவில்லை.

'பயணக் காப்பீடுதான் எடுத்திருக்கிறேனே' என்று நினைக்காதீர்கள். பலவற்றில் வான்கலத்தால் பிறருக்கு நேரும் சேதம் விலக்குப் பட்டியலில் இருக்கும், ட்ரோனும் அதில் அடக்கம். பொடி எழுத்தைப் படியுங்கள்.

#14 நல்லூரான் (லண்டன்)

நானும் ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். 2026 ஜனவரி 1-ஓட இங்கயும் எல்லை 100 கிராமுக்கு இறங்கிட்டுது. 100 கிராமும் அதுக்கு மேலயும் எண்டால் ஓட்டுறவர் இணையத்தில ஒரு சின்னச் சோதினை எழுதி 'ஃப்ளையர் ஐடி' எடுக்கவேணும், அது இலவசம். கேமரா இருந்தால் 'ஆப்பரேட்டர் ஐடி'யும் வேணும், அதுக்குக் காசு. சுற்றிப்பார்க்க வாறவைக்கும் இதுதான். ஐரோப்பியப் பதிவு இங்க செல்லாது.

ஆனா எங்கட சனம் பிடிபடுறது பதிவில இல்லை, நிக்கிற நிலத்தில. வான்வெளியில தடை இல்லையெண்டு வரைபடம் காட்டும், ஆனா நீங்கள் நிண்டு ஏத்துற புல்தரை இன்னொருத்தருக்குச் சொந்தம். ஹைட் பார்க் மாதிரி அரச பூங்காக்களில ட்ரோன் கூடாது, பழைய இடங்களைக் காக்கிற நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பின்ர காணியில இருந்து ஏத்தவும் விடமாட்டினம். கடற்கரைக் குன்று, பழைய மாளிகை எண்டு நீங்கள் படம் எடுக்க நினைக்கிற இடத்தில பாதி அவையின்ரதான். அமெரிக்காவிலயும் இதே கதை: தேசியப் பூங்காக்களில 2014-ல இருந்து தடை, 6 மாதம் வரை சிறை, 5,000 டொலர் வரை தண்டம். கிராண்ட் கேன்யன்ல 249 கிராம் எண்டு கதைச்சுப் பிரயோசனம் இல்லை.

2018 டிசம்பர்ல லண்டன் கட்விக் விமான நிலையத்தில நடந்ததை மறந்திடாதேங்கோ. ட்ரோன் கண்டதா வந்த முறைப்பாட்டில நத்தாருக்கு முதல் கிழமை ஓடுபாதையை மூடி, 1,40,000 பயணிகள் வரை மாட்டுப்பட்டவை. கடைசிவரை ஆர் எண்டு பிடிபடவேயில்லை. அதுக்குப் பிறகு விமான நிலையத்துக்குக் கிட்ட ஒருத்தரோடயும் பகிடி விட ஏலாது.

#15 ஜாலிபறவை

சரி சரி, எல்லாரும் சேர்ந்து பயமுறுத்திட்டீங்க. ஆனா ஒண்ணு. தடைப் பகுதின்னா டிஜேஐ ஆப்பே மோட்டாரை ஸ்டார்ட் பண்ண விடாது. ஸ்டார்ட் ஆச்சுன்னா ஓகேன்னுதானே அர்த்தம்?

#16 நகோயா_நாடன் (ஜப்பான்)

அந்தக் காலம் போய்க்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவின் பல நாடுகளில் 2024-லும், அமெரிக்காவில் 2025 ஜனவரியிலும் டிஜேஐ அந்தப் பூட்டை எடுத்துவிட்டது. இப்போது வெறும் எச்சரிக்கைப் பலகை காட்டும், 'சரி' என்று அழுத்தினால் ஏறிவிடும். பூட்டு இருந்தபோதும் அது விமான நிலையம் மாதிரி பெரிய இடங்களைத்தான் பார்த்தது. கியோட்டோவின் குடியிருப்பு எல்லையோ நல்லூரான் சொல்லும் நில உரிமையோ செயலிக்குத் தெரியாது.

#17 நெறியாளர்

பூட்டை உடைக்கும் மென்பொருள், உயர வரம்பைத் தூக்கும் வழி பற்றிய ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். இங்கே அது வேண்டாம்.

#18 செங்காங்_சேது (சிங்கப்பூர்)

ஒரு வழியாகத் தெளிவு பிறந்தது. ஜப்பானுக்கு மட்டும் எடுத்துப் போகிறேன், அதுவும் ரிமோட் ஐடி ஒத்துவந்தால். டிப்ஸ் கணக்கு திறந்துவிட்டேன். கொழும்புக்கும் மதுரைக்கும் ட்ரோன் வராது. வத்தளை தம்பி, நல்ல வீடியோக்காரர் தெரிந்தால் தனிமடல் போடுங்கள்.

பேட்டரி விஷயம்? பெரிய பேட்டரி மூன்று வைத்திருக்கிறேன்.

#19 நகோயா_நாடன் (ஜப்பான்)

முதலில் அந்தப் பெரிய பேட்டரியைப் போட்டு சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 'ப்ளஸ்' பேட்டரி போட்டால் மினி 4 ப்ரோ 290 கிராம் பக்கம் போய்விடும். ஜப்பானில் எப்படியும் பதிவு என்பதால் வித்தியாசமில்லை. ஆனால் அதைப் போட்டு சிங்கப்பூரில் ஏற்றினால் பதிவில்லாத 250-க்கு மேற்பட்ட ட்ரோன் ஆகிவிடும். விசிறிக் காப்பு மாட்டினாலும் இதே தொல்லைதான்.

விமானத்தில்: பேட்டரி எல்லாம் கைப்பையில், செக்-இன் பெட்டியில் உதிரி பேட்டரி கூடவே கூடாது. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் இருந்தால் விமான நிறுவனத்தின் தனி அனுமதி வேண்டாம். உங்கள் சாதாரண பேட்டரி 18.96, ப்ளஸ் 28.4, இரண்டும் சின்னதுதான். முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போடுங்கள். சில நிறுவனங்கள் ட்ரோனை கேபினுக்குள் விடாமல் செக்-இன் செய்யச் சொல்லும். அப்போது ட்ரோனிலிருந்து பேட்டரியைக் கழற்றி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

#20 ரைன்கரை_ராதா (ஜெர்மனி)

ஒன்று விட்டுப்போயிற்று. இடைநிறுத்தத்தில் வெளியே வந்து ஊர் சுற்றுகிற பழக்கம் இருப்பவர்கள் கவனிக்க: மொராக்கோவில் ட்ரோனை நாட்டுக்குள் கொண்டுவருவதே கூடாது, சுங்கத்திலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். எகிப்தில் 2017-ல் வந்த சட்டப்படி பாதுகாப்பு அமைச்சக அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே சிறை வரை போகும். மியான்மரில் 2019-ல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஏற்றிய பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணி ஒருவர் ஒரு மாதம் உள்ளே இருந்தார். பிரமிடு ஷாட் என்று இன்ஸ்டாகிராமில் பார்ப்பதெல்லாம் யாரோ அனுமதி வாங்கி எடுத்தது, அல்லது அதிர்ஷ்டத்தில் தப்பியது.

#21 ஜாலிபறவை

அப்போ நிம்மதியா பறக்கவிட ஊரே இல்லையா?

#22 ரைன்கரை_ராதா (ஜெர்மனி)

ஏன் இல்லை. கனடாவில் 250-க்குள் இருந்தால் பதிவும் சான்றும் கேட்க மாட்டார்கள். தேசியப் பூங்காவையும் விமான நிலையத்தையும் ஆட்களையும் தவிர்த்தால் போதும். 250-ஐத் தாண்டினால் வெளிநாட்டவருக்குத் தனியாகச் சிறப்பு அனுமதி, அது பெரிய வேலை. ஆஸ்திரேலியாவிலும் பொழுதுபோக்குக்குப் பதிவு கிடையாது, ஆட்களிலிருந்து 30 மீட்டர், பகலில் மட்டும், 120 மீட்டருக்குள். அமெரிக்காவில் 'டிரஸ்ட்' என்ற இலவச இணையச் சோதனை எழுதினால் 249 கிராம் பறக்கும். அந்த ஊர்களில் உங்கள் விடியற்காலை ஷாட்டைச் சட்டப்படியே எடுக்கலாம் தம்பி.

#23 பொள்ளாச்சி_பொன்னி

அப்போ டிஜேஐல 135 கிராம்ல 'நியோ'ன்னு ஒரு ட்ரோன் வந்துருக்குதே, அதை வாங்குனா எல்லாத்துக்கும் தப்பிச்சுக்கலாமுங்களா?

#24 நகோயா_நாடன் (ஜப்பான்)

ஜப்பானிலும் பிரிட்டனிலும் 100-ஐத் தாண்டுகிறது, தப்பாது. ஐரோப்பாவிலும் தாய்லாந்திலும் கேமரா இருப்பதால் பதிவு. இலங்கையில் 200-க்குள் வருவதால் விமான அதிகார சபைப் பதிவு வராது, ஆனால் நாட்டுக்குள் கொண்டுவர மற்ற அனுமதி வேண்டுமா என்று வத்தளை தம்பியிடம் கேளுங்கள். வெளிநாட்டில் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் மூர்த்தி சார் சொன்னதுதான்.

#25 வத்தளை_வாசி (இலங்கை)

எடை குறைஞ்சாலும் பாதுகாப்பு அமைச்சிட்டக் கேட்டு, பதிலை எழுத்தில எடுத்துக்கொண்டு வாங்கோ அக்கா. கட்டுநாயக்காவில நிக்கிற அதிகாரிக்குக் காட்ட ஒரு கடதாசி வேணும்.

சேது அண்ணா, வீடியோக்காரரின்ர விபரம் தனிமடலில அனுப்பியிருக்கிறன். கலியாணத் திகதியைச் சொல்லுங்கோ, சித்திரையில அவையைப் பிடிக்கிறது கஷ்டம்.